விசாரித்து வாங்குவதும் அமானிதமே

 

 

இன்று நான் பேசப்போகும் விஷயத்தில் முதலில் என் தவறைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் மஹல்லாவில் எத்தனையோ சகோதரிகள் வீட்டிலிருந்தபடியே நைட்டி, சுடிதார் துணி, அபாயா விற்கிறார்கள். முன்பெல்லாம் பக்கத்து டவுனுக்குப் போய் மொத்தக் கடையில் தொட்டுப் பார்த்து வாங்கி வருவார்கள். இப்போது சூரத்திலிருந்து சுடிதார் துணி, ஜெய்ப்பூரிலிருந்து காட்டன், திருப்பூரிலிருந்து பனியன் துணி என்று எல்லாமே செல்போனில் வருகிறது. படம் வருகிறது, விலை வருகிறது, பணம் போகிறது. சரக்கு வருமா என்பதுதான் கேள்வி.

சென்ற ரமலானுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்ததும் ஒரு பையன் என்னிடம் வந்தான். "ஹஜ்ரத், உம்மா கேக்கச் சொன்னாங்க. பெருநாளுக்கு சூரத்துல இருந்து மொத்தமா துணி எடுக்கப் போறாங்க. இவரை நம்பலாமான்னு நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்லணுமாம்" என்று செல்போனை நீட்டினான்.

பார்த்தேன். முகப்புப் படத்தில் கஃபத்துல்லாஹ். ஒவ்வொரு செய்தியும் ஸலாமில் தொடங்குகிறது. குரல் பதிவில் பிஸ்மில்லாஹ், இன்ஷா அல்லாஹ், ஜஸாகல்லாஹ் என்று வாய் நிறைய வருகிறது. நான் வேறு எதுவும் பார்க்கவில்லை. "நல்ல மனுஷரா தெரியுது, துஆ செஞ்சுட்டு வாங்கச் சொல்லுப்பா" என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சகோதரி முன்பணமாக 12,000 ரூபாய் அனுப்பினார். "சரக்கு பேக் ஆகிவிட்டது, மீதியை அனுப்பினால் லாரியில் ஏற்றிவிடுவோம்" என்றதும் 26,000 அனுப்பினார். "ஜி.எஸ்.டி. தொகை 4,500 கட்டுங்கள், சரக்கு வந்ததும் திருப்பித் தந்துவிடுவோம்" என்றதும் அதையும் அனுப்பினார். மொத்தம் 42,500 ரூபாய். அதன்பின் அந்த எண் எடுக்கப்படவில்லை. சீட்டு எடுத்த பணம் அது. பெருநாள் வந்தது, சரக்கு வரவில்லை.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. என்னால் முடிந்ததைக் கொடுக்க முன்வந்தேன். வாங்க மறுத்துவிட்டார். "அதுக்குப் பதிலா இதை எல்லாருக்கும் சொல்லுங்க ஹஜ்ரத், ஆனா என் பேரைச் சொல்லாதீங்க" என்றார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

விசாரிப்பது சந்தேகப்படுவதா?

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு என்னை நானே கேட்டுக்கொண்டேன்: அன்று நான் ஏன் மேற்கொண்டு எதையும் விசாரிக்கவில்லை? உண்மையைச் சொன்னால், விசாரிப்பது ஒரு முஸ்லிமைச் சந்தேகப்படுவதாகிவிடுமோ என்ற கூச்சம். நம்மில் பலருக்கு இந்தக் கூச்சம் உண்டு. "ஸலாம் சொல்லிப் பேசுகிறவரிடம் ஆதாரம் கேட்பதா? தப்பெண்ணம் ஹராமாச்சே!" என்று மனம் சொல்கிறது.

தப்பெண்ணம் கூடாது என்பது உண்மைதான். ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-வது வசனத்தில் அல்லாஹ் மூமின்களை அழைத்து, எண்ணங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகும்படி கட்டளையிடுகிறான். ஆனால் அதே ஸூராவின் 6-வது வசனத்தில், நம்பகமற்ற ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தெளிவாக விசாரித்துக்கொள்ளும்படியும் கட்டளையிடுகிறான். விசாரிக்காமல் இறங்கிவிட்டு, பின்னர் செய்ததற்காக வருந்தும் நிலை வரக்கூடாது என்று காரணத்தையும் அங்கேயே சொல்கிறான்.

ஒரே ஸூரா. ஒரு வசனம் தப்பெண்ணத்தைத் தடுக்கிறது, இன்னொரு வசனம் விசாரிக்கச் சொல்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படுமா? ஒருக்காலும் இல்லை. ஆதாரமில்லாமல் ஒரு மனிதனைக் கெட்டவன் என்று முடிவு கட்டுவது தப்பெண்ணம். விசாரிக்கிறவன் இன்னும் எந்த முடிவுக்கும் வரவில்லை. அவன் தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு உண்மையைத் தேடுகிறான். ஆக, விசாரணை தப்பெண்ணத்தின் வாசலை அடைக்கிறது.

இன்னொன்றையும் நான் விளங்கிக்கொண்டேன். ஆதாரமில்லாமல் கெட்டவன் என்று முடிவு கட்டுவது எப்படித் தவறோ, அப்படியே பிறர் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் ஆதாரமில்லாமல் நம்பத் தகுந்தவன் என்று சாட்சி சொல்வதும் தவறு. நல்லெண்ணம் என் உள்ளத்தில் இருக்கட்டும். அந்த நல்லெண்ணத்தை ஒரு சகோதரியின் 42,500 ரூபாய்க்கு ஜாமீனாக வைக்க எனக்கு என்ன உரிமை இருந்தது?

நபி (ஸல்) அவர்கள் குவியலுக்குள் கைவிட்டார்கள்

ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்ற நபி (ஸல்) அவர்கள் அதற்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியிடம் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டுவிட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள்.

இந்த ஹதீஸின் கடைசிப் பகுதியைத்தான் நாம் எப்போதும் பேசுகிறோம். முதல் பகுதியைக் கவனியுங்கள். மேலே காய்ந்திருந்த தானியத்தைப் பார்த்ததோடு நபியவர்கள் நிற்கவில்லை, உள்ளே கை விட்டுப் பார்த்தார்கள். ஈரம் பட்டவுடன் "திருடன்" என்றும் சொல்லவில்லை. கேட்டார்கள், பதிலைக் கேட்டுக்கொண்டார்கள், அதன்பிறகே கண்டித்தார்கள். சோதித்துப் பார்ப்பது, கேள்வி கேட்பது, பதிலைக் காது கொடுத்துக் கேட்பது, பிறகு முடிவு சொல்வது என்ற இந்த வரிசையில்தான் நமக்கு வழிகாட்டுதல் இருக்கிறது.

செல்போன் திரையில் வரும் படம் குவியலின் மேல்பகுதி. கஃபத்துல்லாஹ்வின் படமும் ஸலாமும்கூட மேல்பகுதிதான். நான் கை விட்டுப் பார்க்கவில்லை.

தொழுகையைப் பார்த்துச் சாட்சி சொல்லலாமா?

உமர் (ரலி) அவர்களைப் பற்றி அறிவிக்கப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவரைப் பற்றி இன்னொருவர் வந்து, இவர் நல்லவர் என்று சாட்சி சொன்னார். உமர் (ரலி) அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். நீ இவருடைய பக்கத்து வீட்டுக்காரரா? இவரோடு பயணம் செய்திருக்கிறாயா? தீனார், திர்ஹம் கொடுத்து வாங்கிப் பழகியிருக்கிறாயா? மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வந்தது. அப்படியானால் இவர் பள்ளிவாசலில் தலையைக் குனிந்து நிமிர்வதைப் பார்த்திருப்பாய் போலிருக்கிறது, உனக்கு இவரைத் தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

உமர் (ரலி) தொழுகையைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பணத்தில் ஒருவர் எப்படி என்பது பணம் கைமாறும்போதுதான் தெரியும். மோசடிக்காரனுக்கும் இது தெரியும். நம்மிடம் வரும்போது ஸலாம் சொல்வான். வேறு சமுதாயத்தாரிடம் போகும்போது அவர்களின் சாமி படத்தை முகப்பில் வைத்துக்கொள்வான். அவன் எந்த மதத்தவன் என்பதே நமக்குத் தெரியாது. நம் பக்தி அவனுக்கு ஒரு தூண்டில், அவ்வளவுதான்.

ஆகவே சகோதரர்களே, வாட்ஸ்அப்பில் ஒரு வியாபாரக் குழுவின் இணைப்பை "நம்பிக்கையானவர்கள்" என்று எழுதி அனுப்பும்போது, உமர் (ரலி) அவர்களின் மூன்று கேள்விகளையும் நம்மிடமே கேட்டுக்கொள்வோம். ஒருமுறையாவது பணம் கொடுத்துச் சரக்கு வாங்கியிருந்தால், வாங்கியதை மட்டும் சொல்வோம். இல்லையென்றால் "எனக்கு வந்தது, நான் வாங்கிப் பார்த்ததில்லை" என்று எழுதுவோம். இந்த ஒரு வரி பலருடைய பணத்தைக் காப்பாற்றும்.

முன்பணம் கொடுத்து வாங்குவது

முன்கூட்டியே பணம் கொடுத்துப் பின்னால் சரக்கு பெறுவது மார்க்கத்தில் உள்ளதுதான். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, மக்கள் ஓரிரு ஆண்டுகள் கழித்து வரப்போகும் பேரீச்சம்பழத்துக்கு அப்போதே பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நபியவர்கள் அதைத் தடுக்கவில்லை. ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும், எடை தெரிந்திருக்க வேண்டும், தவணை தெரிந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. ஃபிக்ஹில் இதற்கு "ஸலம்" என்று பெயர். இன்றைய ஆன்லைன் வியாபாரத்தின் எல்லா வடிவமும் ஸலம் ஆகிவிடாது. ஆனால் முன்பணம் கொடுப்பவர் எதையெல்லாம் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும் என்ற பாடம் அதில் இருக்கிறது.

குர்ஆனின் மிக நீளமான வசனம் எது? ஸூரத்துல் பகராவின் 282-வது வசனம். தவணைக் கொடுக்கல் வாங்கலைச் சிறிதோ பெரிதோ எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம், சாட்சி வைக்கச் சொல்லும் வசனம். அது யாரை அழைத்துப் பேசுகிறது? ஈமான் கொண்டவர்களை. ஒரு மூமின் இன்னொரு மூமினிடம் எழுதி வாங்கச் சொல்வது அல்லாஹ். அப்படி எழுதிக்கொள்வதே சந்தேகம் வராமலிருக்க நெருக்கமான வழி என்றும் அவன் சொல்கிறான். அப்படியிருக்க நமக்கு ஏன் கூச்சம்?

சரி, எதை விசாரிப்பது? நம் ஊரில் பல வருடங்களாக சூரத் சரக்கு எடுக்கும் ஜவுளிக்காரர்களிடம் உட்கார்ந்து கேட்டதைச் சொல்கிறேன்.

1. ஜி.எஸ்.டி. எண்ணைக் கேளுங்கள். வரி விதிக்கப்படும் சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்கும் வியாபாரி பொதுவாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த எண்ணில் 15 இடங்கள் இருக்கும். முதல் இரண்டு மாநிலத்தைக் காட்டும். குஜராத்துக்கு 24, தமிழ்நாட்டுக்கு 33. அரசின் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உரிமையாளர் பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் உள்ளதா ரத்தானதா என்பதெல்லாம் தெரியும். இதற்குக் கட்டணம் இல்லை.

2. எண் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. இன்னொருவருடைய எண்ணை எடுத்துப் போட்டிருக்கலாம். அதனால் பணம் போகும் கணக்கின் பெயரும், ஜி.எஸ்.டி.யில் உள்ள உரிமையாளர் அல்லது கடைப் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும் முன் பெயர் தெரியும். கடைப் பெயர் ஒன்று, கணக்கு சம்பந்தமில்லாத யாரோ ஒருவர் பெயரில் என்றால் அங்கேயே நில்லுங்கள்.

3. வீடியோ காலில் பேசுங்கள். நீங்கள் கேட்கும் துணியை அந்த நேரத்தில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், கடைப் பலகையைக் காட்டச் சொல்லுங்கள். முடிந்தால் அந்த மார்க்கெட்டுக்குப் போய்வருகிற ஒருவரிடம் விசாரியுங்கள்.

4. முதல் முறை சிறிய அளவில் வாங்குங்கள். போனால் தாங்கக்கூடிய தொகையாக இருக்கட்டும்.

5. துணி வகை, எண்ணிக்கை, அளவு, நிறம், விலை, லாரி வாடகை, வரவேண்டிய தேதி, பழுது இருந்தால் திருப்பும் முறை எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். வரி பில்லில் சேர்ந்து வரும். "திரும்பத் தருவோம்" என்று சொல்லித் தனியாக வரி கேட்டால் அது மோசடியின் அடையாளம்.

6. எல்.ஆர். காப்பியின் படம் அனுப்பினால், அதிலுள்ள எண்ணை நம்பாமல், அந்த லாரி ஆபீஸின் நம் ஊர்க் கிளையில் நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

7. "இன்னும் பத்து நிமிடத்தில் பணம் போடாவிட்டால் சரக்கு வேறு ஆளுக்குப் போய்விடும்" என்று விரட்டினால் விட்டுவிடுங்கள். ரிஸ்க் அல்லாஹ்வின் கையில். உங்களுக்கு எழுதப்பட்டது பத்து நிமிடத்தில் தப்பிப் போய்விடாது.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவரை நுகர்வோர் என்ற வரையறைக்குள் சேர்ப்பதில்லை. வீட்டுக்கு ஒரு புடவை வாங்கியவருக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு, விற்பதற்கு ஐம்பது புடவை வாங்கியவருக்கு அப்படியே கிடைக்காது. எனவே மொத்தமாக வாங்குபவர் பணம் போவதற்கு முன்பே அதிகம் விசாரித்தாக வேண்டும்.

அவசரமாகக் குற்றம் சுமத்துவதும் பாவம்

விசாரிக்கச் சொன்னேன் என்பதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. நம் மஹல்லாவிலேயே இதுவும் நடந்தது. ஒருவருக்குச் சரக்கு வர நான்கு நாள் தாமதமானது. உடனே விற்றவரின் படத்தையும் எண்ணையும் போட்டு "திருடன், உஷார்" என்று குழுக்களில் பரப்பிவிட்டார். வழியில் மழை வெள்ளத்தில் லாரி நின்றிருந்தது. சரக்கு முழுதாக வந்து சேர்ந்தது. ஆனால் அந்தச் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த வியாபாரியின் மானத்துக்கு யார் பதில் சொல்வது? ஒரு ஊர்க்காரர்கள் எல்லாருமே ஏமாற்றுக்காரர்கள் என்று பேசுவதும் இதே பாவம்தான்.

ஒருவர் உங்களிடம் ஒரு வியாபாரியைப் பற்றி ஆலோசனை கேட்டால், தெரிந்த உண்மையைச் சொல்வது புறமாகாது. பாத்திமா பின்த் கைஸ் (ரலி) தன்னைப் பெண் கேட்டவர்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவர்களிடமிருந்த குறைகளை வெளிப்படையாகச் சொன்னார்கள் என்பது முஸ்லிமில் உள்ளது. ஆனால் தெரிந்ததை மட்டும், தேவையான அளவு மட்டும் சொல்ல வேண்டும். நடந்தது தவறு என்று தெரிந்தால், பரப்பிய அதே இடத்தில் திருத்தமும் போட வேண்டும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை

இங்கே ஆன்லைனில் விற்கும் இளைஞர்களும் இருக்கிறீர்கள். வாடிக்கையாளர் முகவரி கேட்டால், பில் கேட்டால், "என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்று கோபப்படாதீர்கள். நபி (ஸல்) அவர்கள் இஃதிகாஃபில் இருந்தபோது ஓர் இரவு ஸஃபிய்யா (ரலி) அவர்களோடு நடந்து சென்றார்கள். அன்ஸாரிகள் இருவர் பார்த்துவிட்டு வேகமாகக் கடந்தார்கள். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, இவர் என் மனைவி ஸஃபிய்யா என்று தாமே தெளிவுபடுத்தினார்கள். அல்லாஹ்வின் தூதரை யார் சந்தேகிக்க முடியும்? இருந்தும் யாரும் கேட்கும் முன்பே விளக்கினார்கள். நேர்மையான வியாபாரி கேட்காமலேயே தன் முகவரியையும் பதிவு எண்ணையும் திருப்பும் விதிமுறையையும் எழுதி வைப்பார். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து.

ஏமாந்தவரைக் கேலி செய்யாதீர்கள்

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஒரு ஸஹாபி வியாபாரத்தில் அடிக்கடி ஏமாந்துவிடுவார். நபியவர்கள் அவரை ஏளனம் செய்யவில்லை. வாங்கும்போது "ஏமாற்று இருக்கக் கூடாது" என்ற நிபந்தனையைச் சொல்லி வாங்கும்படி கற்றுக்கொடுத்தார்கள். பலவீனமானவருக்கு ஒரு பாதுகாப்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? "பேராசை பெரு நஷ்டம், படிக்காத பொம்பளைக்கு எதுக்கு வியாபாரம்" என்கிறோம். அதனால் ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய்மூடிவிடுகிறார். அதே எண்ணுக்கு அடுத்த வீட்டுக்காரரும் பணம் அனுப்புகிறார். ஏமாந்தால் ஒளிக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு அழையுங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் தகவல் போனால் அதை முடக்க வாய்ப்பு உண்டு. அந்தச் சகோதரி ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் நாக்குகளுக்குப் பயந்துதான்.

அன்பானவர்களே! இவ்வளவு விசாரித்தாலும் ஏமாற்றம் வரலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்னார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். கட்டிய பிறகும் ஒட்டகம் தொலைந்தால் அது கத்ர், அதில் பொறுமைக்குக் கூலி உண்டு. கட்டாமல் விட்டுவிட்டுக் கத்ர் என்று சொன்னால், நம் அலட்சியத்தை அல்லாஹ்வின் மீது சுமத்துகிறோம். அன்று நான் செய்தது அதுதான். துஆ செய்து வாங்கச் சொன்னேன். ஒட்டகத்தைக் கட்டச் சொல்லவில்லை.

இனி யாராவது என்னிடம் செல்போனை நீட்டினால், தெரியாததைத் தெரியாது என்று சொல்வேன். பிறகு அவரோடு உட்கார்ந்து விசாரிப்பேன். ஞாயிறு அஸருக்குப் பிறகு பள்ளிவாசல் வராண்டாவில், கணினி தெரிந்த நம் இளைஞர்கள் இருவர் இருப்பார்கள். பணம் அனுப்பும் முன் வாருங்கள். அல்லது உங்கள் பிள்ளைகளை அனுப்புங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் தெளிவையும் தருவாயாக! ஏமாந்தவர்களின் நஷ்டத்தை ஹலாலான வழியில் ஈடு செய்வாயாக! தெரியாததற்குச் சாட்சி சொல்வதிலிருந்தும், தெரியாமல் பழி சுமத்துவதிலிருந்தும் எங்கள் நாவுகளைப் பாதுகாப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!